சூடேறாத கம்பி

சிம்மக்கல் பக்கத்தில் என் தந்தையார் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கோடை வந்துவிட்டால் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கிணற்று மோட்டார்கள் வந்து குவியும். மின்சாரம் ஓடும்போது செம்புக் கம்பியின் தடையால் சூடு பிறக்கிறது. சூடு மிஞ்சினால் காயில் கருகிவிடுகிறது. அந்தக் கருகல் வாடை எங்கள் வீட்டுக்குப் பழகிப்போன ஒன்று.

ஆகவே, தடையே இல்லாத கம்பி உண்டு என்று படித்தபோது நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை. 1911ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் என்னும் அறிஞர், பாதரசத்தைப் பூஜ்யத்திற்குக் கீழே 269 டிகிரி வரை குளிர வைத்தார். மின்தடை மறைந்தே போயிற்று! இத்தகைய பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர்.

அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நான் கடையை மூட வேண்டியதுதானாம்மா?" என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, "அது சரி, சுத்துற சாமானுக்குள்ள அந்தக் குளிரை எப்படிம்மா கொண்டுபோய் வைப்பாங்க?" என்றார்.

பெரிய பொறியாளர்களையே பல ஆண்டுகள் வாட்டிய கேள்வி அது. அனல் மின் நிலைய ஜெனரேட்டரின் சுழலி நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றுகிறது. சுற்றும் அச்சின் வழியாகவே திரவ ஹீலியத்தை உள்ளே செலுத்த வேண்டும். தெர்மாஸ் குடுவை போல வெற்றிட உறையும் வேண்டும். ஹைதராபாத்தில் பெல் நிறுவன ஆராய்ச்சிப் பிரிவினர் 200 கே.வி.ஏ. அளவில் இத்தகைய ஜெனரேட்டர் ஒன்றை உருவாக்கினார்கள். ஜப்பானில் 1990-களின் பிற்பகுதியில் 70 மெகாவாட் வகையையே சோதித்துப் பார்த்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? பெரிய ஜெனரேட்டர்களில் இப்போதே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வீணாகிறது. அதை மிச்சப்படுத்துவது மட்டுமே பயன் என்றால், குளிரூட்டும் செலவுக்கு ஈடாகுமா என்பது ஐயமே. மெல்லிய கம்பியில் பெரும் மின்சாரம் பாய்வதால் காந்தப்புலம் வலுக்கிறது. இயந்திரம் சிறுத்து, எடையும் குறைகிறது. என் எண்ணத்தில் இதுவே பெரிய இலாபம்.

தேனிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். அங்கே ஜெனரேட்டர் இருப்பது கோபுர உச்சியில். எடை குறைந்தால் கோபுரத்திற்கும் பாரம் குறையும் அல்லவா? டென்மார்க்கில் 2018-19இல் 3.6 மெகாவாட் காற்றாலை ஒன்றில் மீக்கடத்தி ஜெனரேட்டரை ஏற்றி ஓட்டினார்கள். அதற்குத் திரவ ஹீலியம் தேவைப்படவில்லை. 1986-க்குப் பின் வந்த புதுவகை மீக்கடத்தி அது. கம்பியாக இல்லாமல் நாடாவாக இருக்கும். அதன் நடுவே பீங்கான் போன்ற படலம் ஒன்று உண்டு. கொஞ்சம் அதிகமாக வளைத்தாலும் விரிசல் கண்டுவிடும். அதைக் காயிலாகச் சுற்றுவதற்குச் செம்பைவிடப் பதமான கை வேண்டும்.