அவலூர்பேட்டையில் ஒரு திருநாள் விருந்து

செஞ்சிக்கு வருவோர் பெரும்பாலும் கோட்டையைக் கண்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகின்றனர். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மராட்டியரின் படைக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ அமைப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அப்பன்னிரண்டுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. சென்ற கிறிஸ்து பிறப்புத் திருநாள் கழிந்த மூன்றாம் நாள் நாமும் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். ஆயின், நாம் போகவேண்டிய இடம் கோட்டையன்று. அங்கிருந்து வடமேற்கே உள்ள அவலூர்பேட்டை. அங்கே ஒரு வீட்டில் நமக்கு விருந்து காத்திருந்தது. அதே வீட்டில் இருபது ஆண்டுகளாக நாம் தீர்க்காத கடன் ஒன்றும் இருந்தது.

அடுத்த பேருந்துக்குக் காத்திருந்த வேளையில் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய கோட்டை இது. 1597-இல் இயேசு சபைக் குருவான நிக்கோலாஸ் பிமெந்தா இங்கு வந்து, நகரின் பெருமையை வியந்து எழுதினார். அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையின் முன் காத்துக் கிடந்தது. உள்ளே இன்றும் நிற்கும் பெருங் களஞ்சியத்தைக் காண்போர்க்கு, சோறின்றி எக்கோட்டையும் நிலைக்காது என்பது சொல்லாமலே விளங்கும்.

சற்றுத் தொலைவிலுள்ள திருநாதர்குன்றிலோ கதை வேறு. அங்கே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு சொல்கிறது. மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது. இவ்வட்டாரத் தமிழ்ச் சமணர் கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும், கிழங்கு வகைகளை விலக்குவதும் மரபு. ஒருபுறம் களஞ்சியம், மறுபுறம் நோன்பு. உண்பதையும் உண்ணாதிருப்பதையும் இம்மண் எளிதாக எண்ணியதே இல்லை.

மல்லாட்டை நாடு

பேருந்து புறப்பட்டது. மழைக்காலம் முடிந்திருந்தமையால் ஏரிகளில் நீர் இருந்தது. உருண்டைப் பாறைகளை அடுக்கிவைத்தாற்போன்ற குன்றுகள் இருமருங்கும் வந்து வந்து மறைந்தன. அவலூர்பேட்டை, செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவே அமைந்த ஊர். பேட்டை என்றாலே கொள்வோரும் கொடுப்போரும் கூடும் இடம். பெயருக்கேற்ப இங்கு வாரச் சந்தை கூடுகிறது. குன்றின்மேல் சித்தகிரி முருகன் கோவில். பக்கத்து மேல்மலையனூருக்கோ அமாவாசை இரவுகளில் அங்காளம்மனைக் காணத் திரளாக மக்கள் போவர். வடக்கே சேத்துப்பட்டில் லூர்து அன்னையின் திருத்தலம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் காலத்தில், சேத்துப்பட்டைச் சுற்றி உழைத்தவர் பிரெஞ்சுக் குருவான தராஸ் அடிகளார். இப்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் ஞானஸ்நான வரலாறு அக்காலத்தையொட்டித் தொடங்குகிறது. பசியை அறிந்த குடும்பங்கள் இவை. ஆகவே இவர்களுடைய திருநாள் விருந்தைப் பார்க்கும்போது, அதன் பின்னே இருக்கும் பசியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இவ்வூர்ப் பக்கம் நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்பர். மணிலாக்கொட்டை என்ற சொல்லே இப்படித் தேய்ந்தது. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர், பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சுமந்துகொண்டு தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் வேரூன்றிவிட்டது. தென்னை மலிந்த நாட்டில் பொரியலுக்குத் தேங்காய் துருவுவர். மானாவாரி நிலமாகிய இங்கோ, மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி, காய்ந்த மிளகாயும் பூண்டும் கூட்டி இடித்து, அப்பொடியை முருங்கைக்கீரைப் பொரியலின்மீது தூவி இறக்குவர். அரண்மனைச் சமையலில் இதற்கு இடமில்லாதிருக்கலாம். ஆனால், சுடுசோற்றோடு பிசைந்து உண்டவர் இதனை மறப்பதில்லை.

சோறு ஒன்று, வெஞ்சனம் பல

குருமடத்தில் பயின்ற நாட்களில் ஒரே மேசையைச் சுற்றிப் பல மாவட்டத்து மாணவர் அமர்வோம். திருநாள் நெருங்கினால் போதும், மறைநூல் ஆராய்ச்சியைவிட உணவு ஆராய்ச்சி சூடுபிடிக்கும். நெல்லை நண்பர் “வெஞ்சனம் என்ன?” என்பார். நாகர்கோவில் நண்பர் “தொடுகறி” என்பார். யாழ்ப்பாணத்தார்க்கு எல்லாம் “கறி”. வடபுலத்தாராகிய நாமோ “தொட்டுக்க என்ன?” என்று கேட்போம். சோற்றோடு சேர்வதற்கு மட்டும் தமிழர்க்கு இத்தனை சொற்கள்!

சொற்கள் வேறுபட்டதுபோலவே பண்டங்களும் வேறுபட்டன. குமரி மாவட்டத்து வீடுகளில் தேங்காயரைப்பு மணக்கும் அவியல், பலகாரமாக முந்திரிக்கொத்து. தூத்துக்குடிக் கடற்கரையில் மீன் இல்லாத விருந்து விருந்தாகாது. உண்டபின் வாயில் கரையும் மக்ரூன். வேலூர், ஆம்பூர்ப் பக்கத்திலோ பிரியாணிக்கு எண்ணெயும் புளியும் ஊறிய கத்தரிக்காயும் தயிர்வெங்காயப் பச்சடியும் இன்றியமையாதவை. இறைச்சியின் கொழுப்பைப் புளிப்பு தணிக்கும் என்பது அதன் நுட்பம். எல்லை தாண்டிக் கேரளத்துக்குச் சென்றால், சிரிய மரபுக் கிறிஸ்தவர்கள் இருபத்தைந்து நாள் நோன்பு காத்து, திருநாள் காலையில் அப்பத்தோடு இஸ்டூ உண்பர். கோவாவிலோ காடி சேர்த்த பன்றியிறைச்சிக் கறியும் சன்னாஸ் என்னும் இட்லி போன்ற பண்டமும்.

உலகெங்கும் இதே கதைதான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழனன்று நன்றி கூறும் திருநாள் கொண்டாடுகின்றனர். அன்று பெரும்பாலான வீடுகளில் வான்கோழிதான் தலைமையான உணவு. ஆனால், அதன் பக்கத்தில் வைப்பது மக்காச்சோள ரொட்டியில் செய்ததா, கோதுமை ரொட்டியில் செய்ததா என்பதைக் கொண்டு, அவ்வீட்டார் தென்மாநிலத்தவரா, வடமாநிலத்தவரா என்று ஊகித்துவிடலாமாம். போலந்து நாட்டார் கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில் இறைச்சியின்றிப் பன்னிரண்டு பண்டங்கள் சமைப்பர். அழையாது வரும் விருந்தினர்க்கென மேசையில் ஓர் இடத்தை வெறுமையாக வைத்திருப்பர்.

ஆக, தலைமைப் பண்டம் எல்லார்க்கும் பொது. இலையின் ஓரத்தில் வைப்பதுதான் நம் ஊரையும் நம் தாயையும் காட்டிக்கொடுக்கிறது. ஒரே ஊரில், ஒரே தெருவில், அண்ணன் வீட்டுப் பச்சடியும் தம்பி வீட்டுப் பச்சடியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருமகளாக வருபவள் தன் தாய்வீட்டுக் கைப்பக்குவத்தையும் கொண்டுதானே வருகிறாள்? மாமியார் வீட்டு அடுப்பில் அதற்கு இடம் கிடைக்கிறதா என்பதில் பல குடும்பங்களின் அமைதியே அடங்கியிருப்பதைப் பங்குப் பணியில் கண்டிருக்கிறோம்.

நாம் சொன்ன பொய்

இனி நம் கடனைச் சொல்லவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன், உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று இதே அவலூர்பேட்டை வீட்டில் பகலுணவுக்கு அமர்ந்தோம். உழைத்துப் பிழைக்கும் எளிய குடும்பம். வீட்டுத் தாயார் கையால் பரிமாறினார். சோறு, கோழிக்குழம்பு, மல்லாட்டைப்பொடி தூவிய கீரை, வடை. பிறகு சிறு கிண்ணம் ஒன்றை முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்தார். “உப்புக்கண்டம் சாமி. எங்க மாமியாரு காலத்துல இருந்து திருநாளுக்கு இது இல்லாம இருக்காது” என்றார்.

மாட்டிறைச்சியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துப் பல நாள் வெயிலில் காயவைத்து, பானையில் சேமித்து, வேண்டும்போது தட்டி எண்ணெயில் வறுப்பதே அது. இறைச்சி அரிதாகக் கிடைத்த காலத்தில், கிடைத்த நாளின் மிகுதியை இல்லாத நாளுக்குக் காத்து வைத்த அறிவு அது. கோட்டையில் அரசனுக்குக் களஞ்சியம் போல, குடிசையில் தாய்க்கு இந்தப் பானை.

நாமோ, “வயிறு சரியில்லை அம்மா” என்று கையை இலைமீது விரித்தோம். அது பொய். நாம் பிறந்த வீட்டில் அதனை உண்பதில்லை என்பது மட்டுமன்று. அதனையும் அதனை உண்போரையும் ஒருபடி தாழ்வாக எண்ணும்படி சிறுவயதிலேயே பழகியிருந்தோம். குருமடப் படிப்பு ஆண்டுகள் பல கற்றும் அப்பழக்கம் கை விரல்களில் எஞ்சியிருந்தது. அதைவிட வெட்கம், வயிறு சரியில்லை என்ற அதே வாய் சற்று நேரத்தில் கோழிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதுதான். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பை ஊற்றினார். கிண்ணம் அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போயிற்று.

தம் சீடரை ஊர்களுக்கு அனுப்பிய ஆண்டவர், தங்கும் வீட்டில் எது தரப்படுகிறதோ அதை உண்ணச் சொல்லியே அனுப்பினார். இதனை லூக்கா நற்செய்தியிலிருந்து நாமே எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! யோப்பா நகரில் இராயப்பர் கண்ட காட்சியும் இதனைப் பற்றியதே. உணவைக் குறித்துத் தொடங்கிய அக்காட்சி மனிதரைக் குறித்து முடிந்தது என்பதை நாம் அந்த இலையின் முன் மறந்துவிட்டோம்.

மீண்டும் அந்த வீட்டில்

இம்முறை மாடிவீடாக இருந்தது. மகன் சென்னையில் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். மருமகள் நெல்லைப் பக்கத்துப் பெண். தாயார் முதுமையால் தளர்ந்திருந்தார். எனினும் நம் குரலை அடையாளம் கண்டு, “தோத்திரம் சாமி” என்று நெற்றியை நீட்டினார். சிலுவை அடையாளம் வரைந்தோம்.

மேசையில் வெளியிலிருந்து வாங்கிவந்த பிரியாணி, கத்தரிக்காய், பச்சடி. மருமகள் தன் ஊர் வழக்கப்படி தேங்காய் அரைத்த அவியல் ஒன்றும் செய்திருந்தாள். எல்லாம் சுவையாகவே இருந்தன. நாம் தயங்கித் தயங்கி, “அம்மா, அன்று கொடுத்தீர்களே உப்புக்கண்டம், இப்போது உண்டா? இன்று நமக்கு அது வேண்டும்” என்றோம்.

மகன் தலைகுனிந்தான். தாயார் சிரித்தார். “அதெல்லாம் விட்டுட்டோம் சாமி. வரவங்க போறவங்க என்ன நெனப்பாங்களோன்னு புள்ளைங்களுக்குக் கூச்சம். கயித்துல காயப்போட்டா அக்கம்பக்கத்துல பாப்பாங்க இல்ல? சாமி அன்னிக்கு வேணாம்னதும், அடுத்த வருசத்துல இருந்து விருந்துக்கு எடுத்து வைக்கல.”

குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் அது நம்மைச் சுட்டது. மாமியார் வழியாக வந்த ஒரு குடும்பத்தின் திருநாள் வழக்கம் நின்றுபோனதற்கு, வெள்ளை அங்கி அணிந்த நாமும் ஒரு காரணம். அன்று சொன்னது பொய் என்று தாயாரிடம் சொன்னோம். “தெரியும் சாமி” என்றார். “கோழி ரெண்டாந்தடவ வாங்குனீங்களே!” வீடே சிரித்தது, நாமும் சிரித்தோம், கண் கலங்க.

பிறகு அவர் மருமகளிடம் ஏதோ சொன்னார். அவள் அடுப்பங்கரையிலிருந்து, தமக்கென்று மூடிவைத்திருந்த முருங்கைக்கீரைப் பொரியலைக் கொண்டுவந்து வைத்தாள். பொடித்த மல்லாட்டை மேலே மணத்தது. “சாமிக்கு இத எப்படி வைக்கிறதுன்னு எடுத்து வெச்சோம்” என்றாள். அதனை முதலில் உண்டோம்.

அன்பான குடும்பத்தாரே, அவரவர்க்குப் பிடித்தது அவரவர்க்கு. உடல்நலம் கருதியோ நோன்பு கருதியோ ஒன்றை விலக்குவதில் குறையில்லை. அதனை உண்மையாகச் சொல்லிவிட்டால் போதும். ஆனால், இழிவென்று எண்ணி ஒதுக்கும்போது நாம் ஒதுக்குவது பண்டத்தையன்று, பரிமாறும் கையை. வரும் திருநாளில் உங்கள் பாட்டியார் செய்த அந்தப் பழைய வெஞ்சனத்தை, அது கீரையானாலும் கருவாடானாலும் உப்புக்கண்டமானாலும், மூடி வைக்காமல் இலையில் வையுங்கள். விருந்தாளியாகச் செல்வோர் அதனையே முதலில் தொடுங்கள்.

திரும்பும் பேருந்தில் செஞ்சி மலைகள் அந்திவெயிலில் சிவந்து தெரிந்தன. நம் பையில் காகிதத்தில் பொதிந்த மல்லாட்டைப்பொடி இருந்தது. அடுத்த ஆண்டு உப்புக்கண்டம் காயப்போடுவதாகத் தாயார் சொல்லியிருக்கிறார். மகன் மறுப்பேதும் சொல்லவில்லை.