இமேஜ் எடுக்கும் வாரம்

திங்கள்

செமஸ்டர் தொடங்குவதற்குள் லேபுக்கும் ஃபீஸ் கவுண்டருக்கும் வந்திறங்கிய புது மெஷின்களில் விண்டோஸ் 11 ஏற்றியாக வேண்டும். ஒன்றைத் தயார் செய்து இமேஜ் எடுத்தால், மற்றவற்றில் அதை இறக்கிவிடலாம்.

நாடு எது என்று கேட்கும் முதல் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். ஆடிட் மோட் வந்தது. யார் பெயரிலும் கணக்கு திறக்காமலே, விண்டோஸோடு பிறந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் தானாக லாகின் ஆகிவிடுகிறது. அந்தக் கணக்கின் அடையாள எண் எப்போதும் 500 என்றுதான் முடியும். பெயரை மாற்றினாலும் எண் மாறாது. விஸ்டா காலத்திலிருந்து இது முடக்கப்பட்டே வருகிறது. ஆடிட் மோடுக்காக ஒருமுறை உள்ளே விட்டுவிட்டு உடனே மறுபடி முடக்கிவிடுகிறது விண்டோஸ். இடையில் பாஸ்வேர்ட் கேட்கும் ஸ்கிரீன்சேவர் வந்துவிட்டால் திரும்ப நுழைய முடியாது. அதனால் டீக்குப் போகும் முன்பே ஸ்கிரீன்சேவரை அணைத்துவிடுவேன்.

செவ்வாய்

அன்அட்டெண்ட் ஃபைல் எழுதும் நாள். நிறுவும்போது விண்டோஸ் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இதுதான் பதில் சொல்கிறது; லோக்கல் அட்மின் கணக்கும் அதன் பாஸ்வேர்டும் இதில்தான் இருக்கும். பாஸ்வேர்டை மறைக்கச் சொல்லி டிக் போட்டால் புரியாத எழுத்துக் கோவை ஒன்று வரும். புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பார்த்து நிம்மதியானான்.

"என்கிரிப்ட் ஆயிருச்சுல்லண்ணா?"

"இல்லடா, பேஸ்64. பிரிச்சுப் பாரு."

பிரித்தான். நாங்கள் வைத்த பாஸ்வேர்ட் அப்படியே வந்தது, வாலில் 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு. அவன் முகம் மாறியது எனக்குப் பிடித்திருந்தது. இனி அந்த ஃபைலை எந்த பென் டிரைவிலும் போட்டுக்கொண்டு திரிய மாட்டான். நிறுவி முடிந்ததும் பாந்தர் ஃபோல்டரில் இருக்கும் நகலில் விண்டோஸே பாஸ்வேர்டை அழித்துவிடும். மூல ஃபைலை நாம்தான் காக்க வேண்டும்.

புதன்

"எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்ட் இருந்தா நமக்கு ஈசிதானேண்ணா?" என்று கேட்டான் தம்பி. பல இடங்களில் பெரியவர்களே இப்படித்தான் நினைக்கிறார்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

விண்டோஸ் பாஸ்வேர்டை ஹேஷாகச் சேமிக்கிறது. பாஸ்வேர்ட் ஒன்றென்றால் ஹேஷும் எல்லா மெஷினிலும் ஒன்றே. லேபில் ஒரு மெஷினில் அட்மின் அதிகாரம் பிடித்தவனுக்கு அந்த ஹேஷ் கிடைத்துவிடும். பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஹேஷைக் காட்டியே அடுத்த மெஷினில் நுழையலாம். 1997-லேயே இது வெளியில் தெரிந்துவிட்டது. மற்ற லோக்கல் அட்மின்கள் நெட்வொர்க் வழியாக வந்தால் விண்டோஸ் முழு அதிகாரம் தராது. முடக்காமல் விட்ட 500 கணக்கு வந்தால் தந்துவிடும். லேபில் தொடங்கியவன் ஃபீஸ் கவுண்டரில் போய் நிற்பான். மாணவர்களின் வங்கி விவரமும் சாதிச் சான்றிதழ் நகலும் இருக்கும் இடம் அது.

குரூப் பாலிசி வழியாகப் பாஸ்வேர்டை அனுப்பும் வழக்கமும் முன்பு இருந்தது. அதைத் திறக்கும் சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் அச்சிட்டு வைத்திருந்தது. 2014-ல்தான் அந்த வசதியை நிறுத்தினார்கள். மறு வருடம் லேப்ஸ் (LAPS) என்ற வசதி வந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி, ஆக்டிவ் டைரக்டரியில் எழுதி வைக்கும். 2023 ஏப்ரலில் அதை விண்டோஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். நாமாக எதுவும் மாற்றாவிட்டால் 14 எழுத்து, 30 நாளுக்கொரு முறை புதுசு. அன்அட்டெண்ட் ஃபைலில் வைக்கும் பாஸ்வேர்ட், மெஷின் டொமைனில் சேர்ந்து பாலிசி வந்தடையும் வரைதான் செல்லும்.

வெள்ளி

இமேஜ் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றிலும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைத் திறந்து பார்த்தேன். இருக்க வேண்டியவர்கள் மட்டும் இருந்தார்கள்.

மதியம் ஒரு மேடம் கூப்பிட்டார். "தம்பி, ஒரு சாஃப்ட்வேர் போடணும், அட்மின் பாஸ்வேர்ட் சொல்லுங்களேன்." முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு மழுப்ப வேண்டியிருக்கும், ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்ன கணக்கு. இன்று அந்த மெஷினுடையதை மட்டும் தைரியமாகச் சொன்னேன். அவர் பயன்படுத்தி 24 மணி நேரத்தில் லேப்ஸ் அதை மாற்றிவிடும்.

பாஸ்வேர்டைப் பார்க்கும் உரிமை இப்போது டொமைன் அட்மின்களுக்கு மட்டும். தம்பிக்கு லேப் மெஷின்களுக்கு மட்டும் தரலாம் என்றிருக்கிறேன். ஃபீஸ் கவுண்டர் மெஷின்கள் ஆக்டிவ் டைரக்டரியில் தனிப் பிரிவில் (ஓயூ) இருக்கட்டும். அவற்றின் பாஸ்வேர்டை யார் பார்க்கலாம் என்பதைத் திங்களன்று பிரின்சிபாலிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.