ஏழு குத்துவிளக்குகள்

யாத்திரை என்றவுடன் கோபுரமும், அதன் கீழே ஜனக்கூட்டமும், மணியோசையும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் கோயிலும் இன்றி, பூசையும் இன்றி, இடிந்த கல்லும் முட்செடியும் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஊர்களைத் தேடி ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்து வருகிறவர்களும் உண்டு. துருக்கி தேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஏழு சபைகளின் யாத்திரை அத்தகையது. சென்ற வசந்த காலத்தில் அந்த யாத்திரிகர் சிலருடன் நாமும் சேர்ந்துகொண்டோம்.

கிறிஸ்தவ வேதத்தின் கடைசி நூல் வெளிப்படுத்தின விசேஷம். பத்மு என்னும் சிறு தீவில் இருந்தபோது யோவான் கண்ட தரிசனம் அது. அதன் தொடக்கத்தில், ரோமாபுரியின் ஆசியா மாகாணத்திலிருந்த ஏழு நகரங்களின் சபைகளுக்கு ஏழு கடிதங்கள் உள்ளன. அந்தச் சபைகள் ஏழு குத்துவிளக்குகளாக அவருக்குக் காட்சி தந்தன. எபேசுவில் தொடங்கி வடக்கே ஏறி, பிறகு தென்கிழக்கே இறங்கி லவோதிக்கேயாவில் முடிகிறது அவ்வரிசை. கடிதம் கொண்டு செல்பவன் நடந்திருக்கக்கூடிய அந்த வழியிலேயே நம் வண்டியும் சென்றது. ஒவ்வொரு நகரிலும் அந்த நகருக்குரிய கடிதத்தை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கற்களின் மீது அமர்ந்து கேட்டார்கள்.

எபேசு ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். மலைச்சரிவில் குடைந்த அதன் அரங்கில் சுமார் 25,000 பேர் அமரலாம். பவுல் அப்போஸ்தலரின் பிரசங்கத்தால் தங்கள் தொழில் கெடுமென்று அஞ்சிய வெள்ளித் தட்டார்கள், ஊரைத் திரட்டி அர்த்தமி தேவியின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் முழங்கியது இங்கேதான். உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றான அத்தேவியின் ஆலயத்தில் இன்று ஒரே ஒரு தூண் நிற்கிறது. கி.பி. 431இல் கிறிஸ்தவ உலகின் பெரிய சங்கம் கூடிய தேவாலயமும் இடிபாடாகவே கிடக்கிறது. அரங்கிலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் சலவைக்கல் வீதி அப்படியே இருக்கிறது. அதன் முடிவில் கடல்தான் இல்லை. ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட, கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆதி அன்பை விட்டுவிட்டாய், மனந்திரும்பாவிடில் உன் விளக்கு அதன் இடத்தை விட்டு நீக்கப்படும் என்பதே இவ்வூருக்கு வந்த எச்சரிக்கை. அதை அந்த வீதியின் அருகே கேட்டபோது யாரும் பேசவில்லை.

அருகிலுள்ள மலைமேல் மரியன்னை கடைசி நாட்களில் வாழ்ந்ததாக நம்பப்படும் சிறு வீடு ஒன்றுண்டு. கிறிஸ்தவர்கள் மெழுகுவர்த்தி ஏற்ற, முஸ்லிம் பெண்களும் அங்கே வந்து வேண்டிக்கொண்டு சுவரருகே துணித்துண்டு முடிந்து செல்கிறார்கள்.

சிமிர்னா இன்று இஸ்மிர் என்னும் பெருநகரம். இவ்வூர் அத்தியட்சர் பாலிகார்ப், முதிர்ந்த வயதில் தம் விசுவாசத்தை மறுக்க மறுத்து உயிர் துறந்தவர். அவர் பெயரால் அமைந்த தேவாலயத்தில் இன்றும் ஆராதனை நடைபெறுகிறது. ஆனால் 1922 செப்டம்பரில் மூண்ட பெருந்தீயில் கிரேக்கரும் ஆர்மீனியரும் வாழ்ந்த பகுதிகள் சாம்பலாயின. மறு ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, ஜனங்களை மதவாரியாகப் பரிமாறிக்கொண்டன. முன்பே ஓடிப்போனவர்களையும் சேர்த்துச் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் இக்கரையை இழந்தார்கள். சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் அக்கரையை இழந்தார்கள். துருக்கி மொழி தவிர வேறறியாத கிறிஸ்தவரும், கிரேக்க மொழி மட்டுமே பேசிய முஸ்லிமும் அவர்களுள் இருந்தனர். 1947ஐ மறவாத நம் நாட்டவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெர்கமு மலையுச்சியில் இருந்த பெரிய பலிபீடத்தின் சிற்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெர்லின் நகரத்துக்குப் போய்விட்டன. அடித்தளத்தின் மேல் மரங்கள் நிற்கின்றன. தியத்தீரா, அக்கிசார் என்னும் ஊரின் நடுவே வேலியிட்ட சிறு இடிபாடு. சர்தை, செல்வத்துக்குப் பெயர்போன குரோசஸ் மன்னனின் தலைநகர். ஏற முடியாதென்று நம்பிக் காவலில் அசட்டையாக இருந்ததால் அதன் மலைக்கோட்டை இருமுறை பகைவர் வசமாயிற்று. அவ்வூருக்கு வந்த கடிதம், விழித்திரு என்று சொல்வதில் வியப்பில்லை.

பிலதெல்பியா பூகம்பத்துக்கு அஞ்சி மக்கள் ஊருக்கு வெளியே வயல்களில் குடியிருந்த ஊர். வெற்றி பெறுகிறவனை ஆலயத்தில் தூணாக நிறுத்துவேன், அவன் இனி வெளியேற வேண்டியதில்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த வாக்கு. இன்றைய ஊரின் வீடுகளுக்கு நடுவே, பழைய தேவாலயத்தின் பிரமாண்டமான தூண்கள் இன்னமும் நிற்கின்றன. அங்கிருந்த கிறிஸ்தவ மக்களோ 1922இலும் அதையடுத்தும் வெளியேற நேர்ந்தது.

லவோதிக்கேயா கறுப்புக் கம்பளியாலும் பண வியாபாரத்தாலும் கொழுத்த நகரம். கி.பி. 60இல் பூகம்பம் இடித்தபோது, ரோமாபுரியின் உதவி வேண்டாமென்று தன் பொருளாலேயே மீண்டும் கட்டிக்கொண்டது. எதிரே தெரியும் வெண்மலை பமுக்கலே. பஞ்சுக் கோட்டை என்று பொருள். அங்கே வெந்நீர் ஊற்று. மறுபுறம் கொலோசெ நகரில் குளிர்ந்த நீர். இவ்வூருக்கோ தொலைவிலிருந்து குழாயில் தண்ணீர் வர வேண்டும். சுண்ணாம்பு படிந்து அடைபட்ட கற்குழாய்களை இன்றும் காணலாம். குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாக இருக்கிறாய் என்ற கண்டனம் இவ்வூருக்கே உரியது. 2010இல் இங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய தேவாலயம் கண்டெடுக்கப்பட்டது. தளத்தின் சித்திரக் கற்கள் துலக்கமாக இருக்கின்றன. துதி செய்யத்தான் ஊரில் ஆளில்லை.

அந்த விளக்குகள் ஏன் மங்கின? வண்டலும் பூகம்பமும் சிலவற்றை அணைத்தன; மனிதர் வகுத்த எல்லைக்கோடு மற்றவற்றை அணைத்தது. கடிதங்கள் ஒன்றிலும் மதிலையோ மாளிகையையோ பற்றிய கேள்வி இல்லை. அன்பு இருக்கிறதா, விழிப்பு இருக்கிறதா, சகிப்பு இருக்கிறதா என்றே அவை கேட்கின்றன. விளக்கு என்பது அங்கு வாழும் மனிதர்தான். அண்டை வீட்டார் வேற்று முறையில் வணங்குகிறார் என்பதற்காக அவரை ஊரை விட்டு அனுப்பிவிட்டால், எஞ்சுவது எவ்வளவு அழகிய கல்லானாலும் அது இருண்ட கல்லே. மலைமேலுள்ள அந்தச் சிறு வீட்டில் இரு சமயத்தாரும் ஒருவரையொருவர் தடுக்காமல் பிரார்த்திப்பதைக் கண்டோம். ஏழு நகரங்களையும் விட அதுவே நம் நெஞ்சில் ஒளியுடன் நிற்கிறது.