ஒரு புள்ளியின் அமானிதம்



நம் பிள்ளைகள் ஓதத் தொடங்கும்போது முதலில் நாவில் ஏறுபவை இரண்டு: அவூதும் பிஸ்மியும். அவூது ‘ரஜீம்’ என்று முடிகிறது. பிஸ்மி ‘ரஹீம்’ என்று முடிகிறது. முன்னது விரட்டப்பட்ட ஷைத்தானைக் குறிக்கும் சொல். பின்னது நிகரற்ற அன்புடைய இறைவனின் திருநாமம். இவ்விரண்டையும் அரபியில் எழுதிப் பாருங்கள். வடிவில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு புள்ளிதான். ‘ஹா’வின் அடியில் ஒரு புள்ளி விழுந்துவிட்டால் அது ‘ஜீம்’ ஆகிவிடும்.

தாளில் தவறி விழுந்த புள்ளியை அழித்துவிடலாம். மரத்தில் விழுந்ததை அழிக்க முடியாது.

எங்கள் மதரஸாவின் பின்புறக் கொட்டகையில், வியாழன்தோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு, மூத்த மாணவர்கள் சிலருக்கு மரத்தில் எழுத்துச் செதுக்கக் கற்பித்து வருகிறேன். கருவிகள் அதிகமில்லை: கையில் பிடிக்கும் சிறிய ரவுட்டர் ஒன்று, கூர்முனை பிட்டுகள் சில, நாலைந்து உளிகள், ஒரு கொட்டாப்புளி, உப்புத்தாள். ரவுட்டரின் பிட் நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. ஆகவே ஜுப்பாவின் தளர்ந்த கையை முழங்கைக்கு மேல் மடித்துக் கட்டாமலும், கண்ணாடியும் மூக்குக் கவசமும் அணியாமலும் எவரும் அதைத் தொடக்கூடாது என்பது முதல் பாடம்.

எழுத்தின் அழகு ஆழத்தில் இருக்கிறது. 90 பாகைக் கூர்முனை பிட்டினால் வெட்டும்போது, 6 மி.மீ. அகலக் கோட்டுக்கு 3 மி.மீ. ஆழம் வேண்டும். கோடு மெலியும் இடத்தில் பிட் மெல்ல மேலெழ வேண்டும். ஒரே மூச்சில் ஆழமாக இறங்கினால் மரத்தின் ரேகை பிட்டைத் தன் போக்கில் இழுத்துச் சென்றுவிடும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் பிட்டின் முனை விரைவில் மழுங்கும்; மழுங்கிய முனை மரத்தைக் கருக்கும். எனவே இரண்டு மூன்று தடவையாக, சிறிது சிறிதாக இறங்கச் சொல்கிறேன். நேர்கோடுகள் மிகுந்த கூஃபி எழுத்தில் தொடங்கி, கை பழகிய பின்னரே வளைவுகள் மிகுந்த ஸுலுஸ் எழுத்துக்குச் செல்கிறோம்.

புள்ளிகளை எப்போதும் இறுதியிலேயே வெட்டுகிறோம். நாணற்பேனா பதிக்கும் புள்ளி சாய்சதுர வடிவமானது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா அந்தப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார். சுழலும் பிட்டோ வட்டமான குழியைத்தான் தரும். அதன் நான்கு மூலைகளையும் உளியால்தான் எடுக்க வேண்டும். இயந்திரம் நின்றுவிடும் அந்த இடத்தில் கை தொடங்குகிறது.

மாணவர் ஒருவரின் தந்தை என்னைத் தேடி வந்தார். “ஹஜ்ரத், ஓதுறதுக்குத்தானே பிள்ளையை அனுப்பினேன்? தச்சு வேலைக்கா அனுப்பினேன்?” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. பிள்ளை மனனத்தில் பின்தங்கியவன். இந்தக் கொட்டகை அவனை முற்றிலும் திசைமாற்றிவிடுமோ என்று கலங்கினார்.

நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருவதை அவருக்கு நினைவூட்டினேன். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மிம்பரும் ஒரு தச்சரின் கைவேலைதானே என்றேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் மனம் ஆறவுமில்லை.

அடுத்த வாரம், புதுமனை புகவிருந்த ஒரு குடும்பத்தார் பிஸ்மியின் மாதிரியை அச்செடுத்துக் கொண்டுவந்தார்கள். மிக அழகிய வடிவம். அதைப் பலகையில் படியெடுக்கும் பணி அந்த மாணவனுக்கு வாய்த்தது. எங்கள் வழக்கப்படி, இயந்திரத்தை இயக்குமுன் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு ஓதினான். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். ‘பா’வின் அடியில் புள்ளி இல்லை. மாதிரியை வரைந்தவரும், அச்சிட்டவரும், தேர்ந்தெடுத்தவர்களும் காணாததை ஓதத் தெரிந்த கண் கண்டது.

இதைக் கேட்ட பின்னும் தந்தை முழுமையாக இசைந்துவிடவில்லை. பாடம் தாழாதவரை வரட்டும் என்று மட்டும் சொன்னார். அது நியாயமான நிபந்தனை. ஆகையால் அன்றைய பாடத்தை ஒப்புவித்த பின்னரே அவன் கையில் உளியைத் தருகிறேன்.

இன்று கணினியில் இயங்கும் இயந்திரங்கள் சிறிது நேரத்தில் ஒரு பலகையை முடித்துவிடுகின்றன. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் இயந்திரம் ரஹீமையும் ரஜீமையும் ஒரே பொறுமையுடன் வெட்டும். வேறுபாட்டை அறிய வேண்டியவர்கள் நாம். இறைவசனங்களைச் சுவரில் மாட்டுவதை விரும்பாத அறிஞர்களும் உண்டு. அவ்வசனங்கள் வெறும் அலங்காரமாகி அலட்சியப்படுத்தப்படும் என்பது அவர்களின் கவலைகளுள் ஒன்று. அக்கவலை நமக்கும் வேண்டும். பலகை வாங்கினால், மாட்டுமுன் வீட்டுப் பிள்ளையை அழைத்து ஓதச் சொல்லுங்கள். அவனால் ஓத இயலாவிட்டால், முதலில் அலங்கரிக்க வேண்டியது சுவரை அல்ல.

நம் நாவையும் கையையும் பேணுதலுடையவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.