பயில்வான் வண்டிக்கு முதற்பாடம்

ஊர்விட்டு வந்து நகரத்தில் வேரூன்றும் குடும்பங்களுக்கு வாழ்க்கையில் சில படிகள் உண்டு. முதலில் ஒண்டுக்குடித்தனம், பிறகு தனியாக ஓர் அறை, பிள்ளைகள் தலையெடுத்தபின் தாணே, டோம்பிவிலி என்று சற்றே தள்ளிப்போய்ச் சொந்தமாக ஒரு வீடு. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தொடங்கிய நம்மவர் பலருடைய வரலாறு இதுவே. வீட்டுக்குப் பின் வண்டி. அதைப் புதியதாக வாங்குவதும், தவணையில் வாங்குவதும் உலக வழக்கு. அவ்வழக்குக்கு மாறாக, 1994-ஆம் ஆண்டில் பதிவான ஒரு கான்டெஸா வண்டியை நாங்கள் விலைக்கு வாங்கி, தாணேயில் எங்கள் வீட்டு வாசலில் கொணர்ந்து நிறுத்தியிருக்கிறோம். “பழைய இரும்புக்கு மேலும் செலவா?” என்று கேட்கும் அன்பர்கள் பலர். அவர்களுக்கு விடை கூறவும், இதே ஆசை கொண்ட பிற குடும்பங்களுக்குப் பயன்படவும் இதனை எழுதுகிறோம்.

கான்டெஸாவை இன்றைய இளைஞர்கள் ‘இந்தியாவின் மசில் கார்’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். பயில்வான் வண்டி என்று தமிழில் சொல்லலாம். நீண்ட முன்மூடி, அகன்ற முகம், இரண்டிரண்டாக நான்கு விளக்குகள், பின்சக்கரங்களால் உந்தப்படும் அமைப்பு எல்லாம் சேர்ந்து அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. அதன் வமிசாவளி சுவையானது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1972 முதல் 1978 வரை செய்துவந்த விக்டர் வகை வண்டியே இதற்கு மூலம். அதன் அச்சுகளை வாங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 1984 முதல் கான்டெஸாவைச் செய்யத் தொடங்கிற்று. 2002-இல் உற்பத்தி நின்றது. 2014 மே மாதத்தில் அந்த ஆலையிலேயே வேலை நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே இனி ஒரு புதுக் கதவோ, புது முன்மூடியோ அங்கிருந்து வரப்போவதில்லை.

தொடக்கத்தில் இந்தப் பெரிய உடலுக்குள் இருந்தது அம்பாசிடரின் எஞ்சினே. 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஏறக்குறைய 50 குதிரைத் திறனும் கொண்டது அது. பயில்வானின் தோளும் குமாஸ்தாவின் மூச்சும் போன்ற நிலை. பின்னர் ஜப்பானிய இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும், ஐந்து கியர் பெட்டியும் வந்து சேர்ந்தபின் குறை தீர்ந்தது. அதன் வலிமை ஏறக்குறைய 88 குதிரைத் திறன். எங்களுடையது இந்த வகையைச் சேர்ந்தது.

வாங்கிய மறுநாளே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார்கள். மேலும் பெரிய எஞ்சின், இரட்டைக் கார்புரேட்டர், அகன்ற டயர்கள், முழங்கும் சைலென்சர், கறுப்பு வர்ணம் என்று அது நீண்டது. அண்ணன் தம்பிகளாகிய நாங்கள் மூவரும் சேர்ந்து ஒதுக்கி வைத்திருக்கும் தொகை ஒன்றரை லட்சம் ரூபாய். அது முழுவதும் அந்தப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளுக்கே போதாது. தாராவியில் தோல் பதனிடும் கூடத்தில் உழைத்த கணவரோடு ஐம்பது ஆண்டு குடித்தனம் நடத்திய எங்கள் அத்தை, இப்பொழுது எழுபத்தெட்டு வயதில் எங்களோடு இருக்கிறார். பட்டியலைப் படித்துக் காட்டியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “வேகமாப் போறது கெடக்கட்டும் அய்யா, நிக்கச் சொன்ன எடத்துல நிக்குமா?”

இந்தக் கேள்வியின் ஆழத்தை அறிய அமெரிக்காவுக்குச் சென்று பார்க்க வேண்டும். பயில்வான் வண்டிகளின் காலத்தைத் தொடங்கிவைத்ததாகப் பலரும் சொல்லும் பான்டியாக் ஜி.டி.ஓ. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நடுத்தர அளவுள்ள உடலில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி, 325 குதிரைத் திறன் தந்தார்கள். ஆனால் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகளே. அக்கால விமர்சகர்கள் அந்த வண்டியின் ஓட்டத்தை மெச்சியதுபோல் அதன் நிறுத்தத்தை மெச்சவில்லை. அமெரிக்கப் பான்டியாக்கும் ஆங்கில வாக்ஸ்ஹாலும் ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். இசுஸுவிலும் அந்த நிறுவனம் 1971 முதல் பங்கு கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் கான்டெஸா அந்தப் பயில்வானுக்கு ஒன்றுவிட்ட உறவு. உறவினரின் குறை நமக்கும் வராதபடி பார்ப்பது விவேகமன்றோ?

அத்தையின் கேள்விக்குப் பின்னணி ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் தாம் பிறந்த கிராமத்துக் கோயிற்கொடைக்கு ஒருமுறையேனும் சொந்த வண்டியில் போக வேண்டும் என்பது அவர் ஆசை. “ரயில்ல போனா பாதி ஊரு ராத்திரியிலேயே போயிருது, வழியைக் கண்ணால பார்க்கணும்” என்பார். தாணேயிலிருந்து புனா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாக ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தூரம் அது. முதல் நாளிலேயே கண்டாலா மலைப்பாதை குறுக்கிடும். ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டி. அதில் ஐந்து உயிர்கள். ஆகவே வண்டியைச் சீர்திருத்தும் வரிசையை அத்தையின் கேள்வியைக் கொண்டே அமைத்தோம்.

முதலிடம் பிரேக்குக்கு. ஓடும் வண்டியின் வேகம் இரட்டித்தால் அதை நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டரில் ஓடுவதை நிறுத்துவதற்கும் 80 கிலோமீட்டரில் ஓடுவதை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். மலையிறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதிக்கும்போது சூடேறி, எண்ணெயில் ஆவிக் குமிழ்கள் தோன்றினால், மிதி அடிவரை சென்றும் வண்டி நில்லாது. பழைய ரப்பர்க் குழாய்களோ வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். எனவே மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், குழாய்கள், லைனிங், எண்ணெய் யாவற்றையும் ஒருசேர மாற்றத் தீர்மானித்திருக்கிறோம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வரவேண்டும் என்ற பழைய லாரி ஓட்டுநர்களின் விதியையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதற்குச் செலவில்லை.

இரண்டாவது, டயர். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். சாலையைப் பிடிப்பது டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். எங்கள் வண்டியில் வந்த டயர்களின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. எனினும் இலக்கங்களைப் பார்த்தபோது அவை பத்து ஆண்டைக் கடந்தவை என்று தெரிந்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். உரிய அளவிலேயே புதிய ரேடியல் டயர்கள் போடுவோம். அளவு மீறி அகலமாக்கினால் ஸ்டியரிங் கனக்கும். வளைவில் டயர் மட்கார்டில் உரசும்.

மூன்றாவது, இருக்கைப் பட்டை. 2022 செப்டம்பர் 4 அன்று, நமக்கு அண்டையிலுள்ள பால்கர் மாவட்டத்தில், அகமதாபாத் நெடுஞ்சாலையில் நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிர் நீத்தார். வண்டியோ நவீன வசதிகள் நிறைந்தது. பின் இருக்கையில் இருந்தோர் பட்டை அணிந்திருக்கவில்லை என்பது காவல்துறை விசாரணையில் வெளிப்பட்டது. எங்கள் கான்டெஸாவின் பின் இருக்கையில் பட்டையே இல்லை. அத்தை அமரப்போவது அங்கேதான். மூன்று முனைகளில் பிணைக்கும் பட்டைகளைப் பொருத்தவிருக்கிறோம். ஆனால் பட்டையின் வலிமை அது பிணைக்கப்படும் தகட்டின் வலிமையே. தாணேயின் மழை ஒரு பழைய வண்டியின் தரைத்தகட்டை என்ன செய்யும் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆதலின் முதலில் தரைவிரிப்பை எடுத்து, துருவைச் சுரண்டி, இற்ற இடங்களை வெட்டி, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்து, அதன் பின்னரே பட்டை. இந்த வேலையை வாக்ளே எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மராத்தி மிஸ்திரி ஏற்றிருக்கிறார்.

நான்காவது, மின்கம்பிகளும் பெட்ரோல் குழாய்களும். இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் சேர்ந்தால் நெருப்பு. பழைய வண்டிகளில் விளக்கின் மின்சாரம் முழுவதும் ஸ்விட்சின் வழியே போய்வரும். முப்பது ஆண்டில் இணைப்புகள் தேய்ந்து, விளக்கு மங்கி, ஸ்விட்சு சூடேறும். ரிலே வைத்து பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தால், அதே பல்பு பளிச்சென்று எரியும். பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெட்ரோலோடு 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. இத்தகைய கலவைக்கென்று செய்யப்படாத பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் ஊறிச் சிதைய இடமுண்டு. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை டாங்கி முதல் கார்புரேட்டர் வரை மாற்றுவோம். ஒரு சிறிய தீயணைப்புக் குப்பியும் ஓட்டுநர் இருக்கையின் அருகே இருக்கும்.

ஐந்தாவது, குளிர்விக்கும் ஏற்பாடு. கோட்பந்தர் சாலையில் மாலை நேரத்து நெரிசலில் நின்றுபார்த்தவர்க்கு விளக்கம் வேண்டா. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே படிந்த உப்பை நீக்கி, தெர்மோஸ்டாட்டையும் நீர்க்குழாய்களையும் மாற்றினால் போதும்.

எஞ்சினுக்கு இவ்வாண்டு மராமத்து மட்டுமே. கார்புரேட்டரைச் சுத்தம் செய்வோம். வால்வு இடைவெளியைச் சரிபார்ப்போம். அழுத்தத்தை அளந்து குறித்து வைப்போம். வேறு எஞ்சின் என்ற பேச்சுக்குப் பணம் மட்டும் தடையன்று. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுதல் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வர்ணம் போன்ற சிறு மாறுதல்களுக்கு இடமுண்டு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவிற்குரியது. புத்தகத்தில் ஓர் எஞ்சின், வண்டியில் வேறோர் எஞ்சின் என்றால், அன்றைக்கு நம் பாடு திண்டாட்டமே. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் கைவிடக்கூடும்.

உதிரிப் பொருள்களைத் தேடுவதே ஒரு தனி யாத்திரை. குர்லாவில் சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் சில கிடைத்தன. கிடைக்காதவற்றின் பட்டியல், விடுமுறைக்குச் சென்னை செல்லும் மைத்துனர் கையில் இருக்கிறது. அவர் புதுப்பேட்டைக்குப் போய்வருவார். மணமாகி வந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பலகாரம் வருவதுபோல், எங்கள் வண்டிக்கு அங்கிருந்து கதவுக் கைப்பிடி வரவிருக்கிறது. இன்னொரு விதியும் செய்துகொண்டோம். கழற்றும் எதையும் எறிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி ஒரு மரப்பெட்டியில் வைக்கிறோம். நாளை இவ்வண்டியைப் பழைய உருவத்திலேயே காண விரும்பும் பேரப்பிள்ளைக்கு அது உதவும்.

இந்தத் தீர்மானத்தில் பிள்ளைகளுக்கு மனத்தாங்கல் இல்லையென்று சொல்லமாட்டோம். கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் மூத்தவன் இரண்டு நாள் பேசாதிருந்தான். மூன்றாம் நாள் மிஸ்திரி கழற்றி வைத்த பிரேக் குழாய் ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்த்தான். உள்ளே ஊசி நுழையும் அளவே வழி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றவன், தன் பட்டியலில் எஞ்சினை எடுத்துக் கடைசி வரியில் எழுதினான். அடிக்கவில்லை; கடைசியில்தான் எழுதினான். இளமைக்கு அந்த வரி வேண்டும். நாங்களும் அதை அழிக்கச் சொல்லவில்லை.

பணி முடிந்ததும் அத்தை இல்லாமல் நாங்கள் மட்டும் கண்டாலாவுக்கு ஏறி இறங்கிப் பார்ப்போம். அதே வழியில் மூன்று முறை இறங்கி, மூன்று முறையும் மிதி ஒரே உயரத்தில் உறுதியாக நின்றால், கொடைக்கு வண்டி புறப்படும். சிறிது ஐயம் இருந்தாலும் அத்தை ரயிலில் போவார். வண்டி இன்னோர் ஆண்டு காத்திருக்கும். இதற்கென்று ரயில் டிக்கெட்டும் எடுத்து வைப்பதாக இருக்கிறோம். அத்தைக்கு இதில் வருத்தமே. எனினும் கேள்வியைக் கேட்டவர் அவரே ஆதலால், விடை வரும்வரை பொறுத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்.