பூட்டிய வீட்டில் ஒரு ரிவால்வர்

ஆத்தங்குடியில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் நகைகளைவிடப் பத்திரமாக இருந்தது ஐயாவின், அதாவது என் தாத்தாவின், ரிவால்வர். பர்மிங்ஹாமில் செய்த வெப்ளி ஸ்காட், 0.32 தோட்டா, ஆறு அறை. ஐயாவுக்குப் பின் என் தந்தை அப்பச்சி, அவருக்குப் பின் நான் என்று லைசென்ஸ் கைமாறி வந்திருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் துப்பாக்கி இருந்ததில் வியப்பில்லை. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்கள், ரொக்கத்தோடு கிட்டங்கி என்ற கடைக்கட்டடத்தில் படுத்தவர்கள். 1930 டிசம்பரில் அங்கே சாயா சான் தலைமையில் விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தபோது கடன் கொடுத்தவர்கள் மேலும் கோபம் திரும்பியது. ஊரிலோ, ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீடுகளைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இது சிவகங்கைச் சீமை, ஆயுதம் எளிதில் கிடைத்த இடமல்ல. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினி, அந்த டிசம்பரிலேயே ஆயுதங்களைத் தடைசெய்து அறிவிப்பு வெளியிட்டது. 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு, கலெக்டர் நம்பியவருக்கே துப்பாக்கி. அந்த நம்பிக்கையில் ஐயாவுக்குப் பெருமை. எனக்குப் பெருமையோடு ஒரு வருத்தமும் உண்டு.

பழைய ரிவால்வருக்கு முதல் எதிரி அதன் தோல் உறை. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க உறைக்குள்ளேயே கிடந்தால் குழலின் நீலப் பூச்சில் துருப்புள்ளி விழும். பட்டியில் செருகிய தோட்டாக்களின் பித்தளையில் பச்சை பிடிக்கும். துடைத்துச் சுடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்களுடையது எண்ணெய்த் துணியில் சுற்றி மரப்பெட்டியில் இருக்கிறது. தோட்டாக்கள் தனியே வேறு பூட்டில்.

வெப்ளியை நடுவில் மடக்கித் திறக்க வேண்டும். சுத்தியலை ஒட்டியிருக்கும் தாழைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலைக் கீழே சாய்த்தால், சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி வெற்றுக் குப்பிகள் ஆறையும் ஒரே தள்ளில் வெளியேற்றும். அந்த நட்சத்திரத்தின் அடியில்தான் கரி சேரும். அங்கே பிரஷ் போடாமல் விட்டால் சிலிண்டர் சுற்றும்போது உரசி நின்றுவிடும். துப்பாக்கி பழுது என்று தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் முதலில் அந்த இடத்தைப் பார்க்கட்டும்.

சுட்ட அன்றைக்கு அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொல்வாராம் ஐயா. பாட்டி, எங்கள் ஆயா, சொல்லிக் கேட்டிருக்கிறேன். காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அந்தக் காலத் தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது குழலில் உப்பாகப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். எண்ணெயில் அது கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதன்பிறகே எண்ணெய். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

ரைபிள் கிளப்பில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் ரிவால்வரையும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். அதுவும் 0.32தான், மடக்கித் திறக்கும் அமைப்பும் வெப்ளி வழி வந்ததே. 2014இல் பெண்களை மனதில் வைத்து அங்கே வெளியிட்ட 'நிர்பீக்' ஏறக்குறைய 500 கிராம்தான். கைப்பைக்கு நல்லது, ஆனால் எடை குறைந்தால் உதைப்பு கூடும். 2023இல் வந்த 'பிரபல்' பக்கவாட்டில் சிலிண்டர் திறப்பது. புதியவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, மூச்சை அடக்கி, பழைய வெப்ளியின் விசையைத் தொடும்போது அது விடுபடும் மென்மையைப் புதியதில் நான் உணரவில்லை.

1980களிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு மூடியதால், பழைய வெளிநாட்டு ரிவால்வருக்கு விலை ஏறிக் கிடக்கிறது. அந்தஸ்துக்காக வாங்குகிறார்கள். குழலுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்காதவர் கையில் அது இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடக் கவலை தருவது பூட்டிய வீடுகள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் ஏராளம். லைசென்ஸ்காரர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது. லைசென்ஸ்காரர் இறந்தால் ஆயுதத்தைத் தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்பது சட்டம். ஒப்படைத்தபின் வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்து என்றாலும் அதே கணக்குதான்.

அடுத்த முறை ஊருக்கு வந்து வீட்டைத் திறக்கிறவர்கள் அந்த இரும்புப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ரிவால்வர் இருந்தால் விசையைத் தொடாமல், விவரம் தெரிந்தவரை வரவழைத்துத் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முறைப்படி ஒப்படையுங்கள். வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தால் லைசென்ஸ் வாங்குங்கள். வாங்கியபின் எண்ணெய் போட மறக்காதீர்கள்.