முதற்கனி யாருக்கு?



தென்சென்னைப் பக்கம் வரும் வாய்ப்பு அமைந்தால், மேடவாக்கம் பிரதான சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையும் சந்திக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். கோவிலம்பாக்கத்தின் வாசல் அது. மெட்ரோ ரயில் பாதைக்காக எழுந்த தூண்களும் ஓயாத வாகன இரைச்சலும் உங்களை வரவேற்கும். இடத்தின் பெயரைக் கேட்டால் ஈச்சங்காடு என்பார்கள். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடத்தில் அதே பெயரில் ஒரு நிலையமும் இடம்பெற்றுள்ளது. காடு போய்விட்டது, கனியின் பெயர் நிலைத்துவிட்டது.

மாலையில் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளிடம் ஒருநாள், "ஈச்சம்பழம் தின்றிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "அது பேரீச்சம்பழம், ஹஜ்ரத்!" என்று ஒரு சிறுவன் என்னைத் திருத்தினான். மதீனாவின் அஜ்வாவை அறிந்த பிள்ளைகள், தங்கள் பேருந்து நிறுத்தத்தின் பெயரிலுள்ள பழத்தை அறியவில்லை. நம் மண்ணின் ஈச்சையைப் பார்த்துத்தான் அதன் பெரிய உறவுக்குப் பேரீச்சை என்று முன்னோர் பெயரிட்டனர் என்பதைச் சொன்னபோது, வியப்புடன் கேட்டுக்கொண்டார்கள்.

ஆயினும் இச்சாலையோரங்கள் பருவத்தை முற்றிலும் மறந்துவிடவில்லை. சித்திரை வெயில் ஏறியதும் நுங்குக் குலைகள் வந்து இறங்குகின்றன. அரிவாளால் சீவிய காயின் கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டு, குளிர்ந்த நுங்கை அப்படியே வாயிலிடும் சுகத்தை எந்தக் குளிர்பானம் தரும்? அடுத்து மாம்பழம். ஆனி, ஆடியில் நாவற்பழம். உப்பைத் தூவித் தின்றுவிட்டு நாவின் ஊதா நிறத்தை ஒருவருக்கொருவர் காட்டி மகிழாத பிள்ளையுண்டா? ஆவணி தொடங்கிச் சீத்தாப்பழம். மார்கழி, தையில் இலந்தை. ஒன்று போகும்போது மற்றொன்று வருகிறது. கோடையில் நீரையும் குளிர்ச்சியையும் கனிக்குள் வைத்து அனுப்பும் வல்ல நாயனின் கருணையை என்னென்பது!

நம் நோன்பும் இப்பருவங்களின் ஊடே நடந்து செல்கிறது. ஹிஜ்ரி ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஆகவே சுமார் 33 ஆண்டுகளில் ரமளான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2018-இல் மே மாத நடுவில் நோன்பு தொடங்கியபோது இஃப்தார் விரிப்பில் மாம்பழம் இருந்தது. பிறகு ஆண்டுதோறும் முன்னகர்ந்த நோன்பு, மாம்பழக் காலத்தை விட்டு விலகிவிட்டது. மீண்டும் அந்தப் பருவத்து நோன்பைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கத்தான் நமக்கு மனமில்லை. ஒரு பங்குனியில், பிள்ளைகளை மகிழ்விக்க எண்ணி மாம்பழம் வாங்கிச் சென்றேன். தோல் பொன்னிறம், வாசனை இல்லை. அறுத்துப் பார்த்தால், உள்ளே வெளிறிய புளிப்புக் காய்! வியாபாரியைக் குறைகூறத் தொடங்கினேன். "பங்குனியில் மாம்பழம் தேடிப் போனது யார்?" என்றார் என் மனைவி. என்னிடம் பதில் இல்லை.

மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்டதையும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததையும் நாம் அறிவோம். அது விற்பவருக்கான பாடம். ஆனால் மரத்திலுள்ள கனி பக்குவமடைவது வெளிப்படும் முன் அதை விற்கக் கூடாதெனத் தடுத்தபோது, விற்பவருடன் வாங்குபவரையும் சேர்த்தே அவர்கள் தடுத்தார்கள். இழப்பையும் தகராறையும் தவிர்க்க வந்த சட்டம் அது. எனினும், அவசரத்தில் வாங்குபவருக்கும் பங்குண்டு என்பதை அதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

கார்பைடு கல்லால் பழுக்க வைப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. ஈரம் பட்டதும் அக்கல்லிலிருந்து அசிட்டிலின் வாயு கிளம்புகிறது. ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற நச்சுப் பொருள்களின் சுவடும் அதில் கலந்திருக்கக்கூடும். பருவத்திற்கு முன்பே பழம் கேட்கும் நம் நாவுதான் அந்தக் கல்லுக்குச் சந்தையைத் திறந்துவிடுகிறது. திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் 141-ஆம் வசனம், பலன் தரும் காலத்தில் உண்ணவும், அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடவும், வீண்விரயம் தவிர்க்கவும் ஏவுகிறது. உண்பதற்கும் கொடுப்பதற்கும் காலம் உண்டு.

மதீனாவில் பருவத்தின் முதற்கனியைக் கண்டதும் மக்கள் அதை நபிகளாரிடம் கொண்டு வருவார்கள். அவர்கள் அதைப் பெற்று, கனிகளிலும் ஊரிலும் அளவைகளிலும் பரக்கத் வேண்டித் துஆச் செய்வார்கள். பின்னர், சிறு குழந்தையை அழைத்து அக்கனியைக் கொடுத்து விடுவார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி இது. ஊரே காத்திருந்த கனி, காத்திருக்கத் தெரியாத குழந்தைக்குக் கிடைக்கிறது!

கடந்த ஆனியில், செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்த உறவினர் ஒருவர் கனிந்து கறுத்த ஈச்சங்குலை ஒன்றைக் கொண்டு வந்தார். மதரஸாவுக்கு எடுத்துச் சென்றேன். துஆ ஓதிவிட்டு, கடைசி வரிசையில் அலிஃப், பே ஓதும் சிறுமியை அழைத்து முதற்பழத்தைக் கொடுத்தேன். விரல்நுனியளவு பழம், அதில் பெரும்பகுதி விதை. துவர்ப்பில் முகத்தைச் சுளித்தாள். பிறகு மெல்லிய இனிப்பு நாவில் ஊறியதோ என்னவோ, மீண்டும் கையை நீட்டினாள். என்னைத் திருத்திய சிறுவன், "ஹஜ்ரத், எனக்கு?" என்றான்.

சகோதர சகோதரிகளே! இவ்வாண்டு உங்கள் தெருவிற்கு எந்தக் கனி முதலில் வருகிறதோ, அதன் பருவம் வரட்டும் என்று பொறுத்திருந்து வாங்குங்கள். வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள சிறு குழந்தையை முதலில் அழையுங்கள். காலத்தே கனிந்ததை உண்டு, நன்றி செலுத்தும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.